மூளையைக் கேட்கும் அலைவாங்கிகள்

நுழையும்முன்

உடலைத் திறவாமலே உள்ளிருப்பதை அறிய வேண்டும் என்பது மருத்துவத்தின் நெடுநாள் விழைவு. ஊடுகதிரில் தொடங்கிய அம்முயற்சி இன்று நுண்ணலை வரை வந்திருக்கிறது. தாளைப்போல் வளையும் படலத்தில் வெள்ளி மையால் அச்சிடப்பட்ட அலைவாங்கிகளைத் தலையில் அணிவித்து, மூளையின் நலத்தை அறியும் ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. இயற்பியலும் வேதியியலும் கணினியியலும் மருத்துவமும் ஒரு தொப்பிக்குள் சந்திக்கும் விந்தையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே தோற்றம், இருவேறு நோய்கள்

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவரின் முகம் திடீரென ஒருபக்கம் கோணுகிறது, உயர்த்திய கைகளுள் ஒன்று தானே தாழ்கிறது, பேச்சு குழறுகிறது. இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் சென்று சேராமையே இதற்குக் காரணம்.

இந்நிலை இருவகையில் நேரும். இரத்தக்குழாயில் உறைகட்டி அடைத்துக்கொள்வது ஒருவகை. குழாய் வெடித்து, இரத்தம் மூளைக்குள் கசிவது மற்றொரு வகை. பக்கவாதம் கண்டோருள் பெரும்பாலோர் முதல் வகையினர். ஆனால், வெளித்தோற்றத்தை மட்டும் கண்டு இது எவ்வகை என்று தேர்ந்த மருத்துவராலும் உறுதியாகக் கூற இயலாது.

வகையை அறிந்தே மருத்துவம் செய்ய வேண்டும். அடைப்பைக் கரைக்கும் அல்டிபிளேஸ் என்னும் மருந்து 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் பக்கவாத மருத்துவத்திற்கு ஏற்பளிக்கப்பட்டது. நோய் தோன்றிய நாலரை மணி நேரத்திற்குள் அதனைச் செலுத்தினால், முடங்கிப்போகவிருந்த ஒருவர் எழுந்து நடக்கக்கூடும். அதே மருந்தைக் கசிவு ஏற்பட்டவருக்குச் செலுத்தினால், கசிவு பெருகி உயிருக்கே கேடாகும். ஒருவருக்கு அமுதாவது இன்னொருவருக்கு நஞ்சாகிறது. எனவே, எவ்வகை என்பது தெரியும்வரை மருந்துக்குப்பி மூடியே இருக்க வேண்டும்.

அதுவரை காலம் காத்திருப்பதில்லை. பெருங்குழாய் ஒன்று அடைபட்ட நிலையில் மருத்துவம் பெறாத மூளை, நிமிடந்தோறும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்களை இழக்கிறது என்று 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இழந்த நரம்பணுக்கள் மீண்டும் வளர்ந்து அவ்விடத்தை நிரப்புவதில்லை.

வகையைப் பிரித்தறிய இன்று பெரிதும் உதவுவது சி.டி. ஸ்கேன். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை இக்கருவியால் படமெடுக்கப்பட்டது. இதனை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டும், இதன் கணிதத்திற்கு அடிகோலிய ஆலன் கார்மாக்கும் 1979ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அக்கருவியின் திறனில் குறையில்லை. அது பெரியது, விலைமிக்கது, நகர மருத்துவமனைகளிலேயே மிகுதியும் இருப்பது என்பனவே இடர்ப்பாடுகள். நோயாளி கருவியைத் தேடிச் செல்லும் வழியிலேயே பொன்னான நேரம் கரைந்துவிடுகிறது.

இதற்கு விடையாக, ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு, ஸ்கேன் கருவியையே ஊர்தியில் ஏற்றி நோயாளியின் வீட்டு வாயிலுக்குக் கொண்டு சென்றனர். நேரம் மிச்சமானது உண்மை. எனினும், அத்தகைய ஊர்தியை ஊர்தோறும் நிறுத்துவது எளிதன்று. ஆகவே, எல்லா அவசர ஊர்திகளிலும் வைக்கத்தக்க, எடை குறைந்த, விலை குறைந்த கருவி ஒன்று வேண்டும் என்னும் தேடல் தொடங்கியது. அத்தேடல் சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்றே நுண்ணலை.

அலை எவ்வாறு அறிகிறது?

வீட்டு மாடியில் நின்ற தொலைக்காட்சி ஆன்டெனாவை நம் முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். காற்றில் வரும் மின்காந்த அலையை மின்னோட்டமாக மாற்றித் தருவது அதன் பணி. தமிழில் அலைவாங்கி என அதனை வழங்கினாலும், மின்னோட்டத்தை அலையாக மாற்றி அனுப்பவும் அதனால் இயலும். ஒரே உறுப்பு வாயாகவும் செவியாகவும் தொழிற்படுகிறது எனலாம்.

மூளை ஆய்வுக்குப் பயன்படும் அலைகளின் அதிர்வெண் பெரும்பாலும் 1 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. நம் கைப்பேசிகள் இயங்கும் அலைப்பகுதிக்கு இஃது அண்மையது. இவ்வலைகள் மண்டையோட்டைக் கடந்து உள்ளே செல்லும். செல்லும் வழியில் ஒவ்வொரு திசுவையும் வெவ்வேறு வகையில் எதிர்கொள்ளும்.

அவ்வேறுபாட்டை அளப்பதற்கு ஒப்புமை விடுதிறன் என்னும் எண் உதவுகிறது. ஒரு பொருள் மின்புலத்திற்கு எந்த அளவு வினையாற்றுகிறது என்பதை வெற்றிடத்தோடு ஒப்பிட்டுக் கூறும் எண் அது. வெற்றிடத்திற்கு அதன் மதிப்பு 1. நீருக்கு ஏறத்தாழ 80. நீர் மூலக்கூறின் ஒருமுனை சற்று நேர்மின் தன்மையும் மறுமுனை சற்று எதிர்மின் தன்மையும் கொண்டிருப்பதால், மின்புலம் மாறுந்தோறும் அது திரும்ப முயல்கிறது. ஆதலால், நீர் மிகுந்த திசுவுக்கு இம்மதிப்பு உயர்ந்தும், நீர் குறைந்த திசுவுக்குத் தாழ்ந்தும் இருக்கும்.

1 கிகாஹெர்ட்ஸில் அளந்தால், கெட்டியான எலும்பின் மதிப்பு ஏறத்தாழ 12, மூளையின் வெண்பொருளுக்கு 38, சாம்பல்நிறப் பொருளுக்கு 52, இரத்தத்திற்கு 61, மூளைத் தண்டுவட நீர்மத்திற்கு 68. இவ்வெண்களுக்கு இடையிலுள்ள வேறுபாடே இத்துறையின் அடித்தளம். வெண்பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இரத்தம் தேங்கினால், அங்கே 38 இருந்த இடத்தில் 61 வந்து நிற்கிறது. மதிப்பு மாறும் எல்லையில் அலையின் ஒருபகுதி எதிரொளிக்கப்படுகிறது. எஞ்சியது வேகம் மாறிச் செல்கிறது. அந்த மாற்றத்தை வெளியிலுள்ள அலைவாங்கி உணர்கிறது.

அதிர்வெண்ணை ஏன் இவ்வளவில் நிறுத்த வேண்டும்? காற்றில் 1 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 செ.மீ.; சாம்பல்நிறப் பொருளுக்குள் நுழைந்ததும் வேகம் ஏழில் ஒரு பங்காகக் குறைவதால், அதன் நீளம் 4 செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. அதிர்வெண்ணை உயர்த்தினால் அலைநீளம் மேலும் குறைந்து, நுட்பமான விவரங்கள் புலப்படும். ஆனால், திசுக்கள் அலையை விழுங்கிவிடுவதால் ஆழத்திலிருந்து செய்தி வாராது. அதிர்வெண்ணைத் தாழ்த்தினால் அலை ஆழமாகச் செல்லும். ஆனால், சிறு கசிவைக் காண இயலாது. நுட்பம் வேண்டுமா, ஆழம் வேண்டுமா என்னும் இழுபறியில் கண்ட நடுவழியே இது.

ஊடுகதிரைப்போல் அணுக்களிலிருந்து எதிர்மின்னிகளைப் பெயர்க்கும் ஆற்றல் நுண்ணலைக்கு இல்லை. இவ்வாய்வுக் கருவிகள் அனுப்பும் திறனும் கைப்பேசி அனுப்பும் திறனைவிட மிகக் குறைவாகவே அமைக்கப்படுகிறது. ஆகவே, ஒரே நோயாளியைப் பன்முறை ஆய்வதற்கும், படுக்கையருகே வைத்துத் தொடர்ந்து கண்காணிப்பதற்கும் இது ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

மின்காந்த அலைகள் உண்டு என்பதைக் கோட்பாட்டளவில் 1865ஆம் ஆண்டு வெளியிட்டவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1880களின் இறுதியில் சோதனையால் மெய்ப்பித்தவர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ். அவரைத் தொடர்ந்து, மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள குற்றலைகளைக் கொல்கத்தாவில் உருவாக்கி ஆராய்ந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். கூம்பு வடிவ அலைவாங்கியை அக்காலத்திலேயே அவர் தம் ஆய்வுகளில் பயன்படுத்தினார்.

வளைவது ஏன் வேண்டும்?

காற்றிலிருந்து தோலுக்குள் அலை நுழையும் இடமே முதல் தடை. தோலின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 40. காற்றுக்கும் தோலுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதால், நேராகச் சென்று மோதும் அலையின் திறனில் பாதிக்கு மேல் தோலிலேயே பட்டுத் திரும்பிவிடும். உள்ளே சென்று மீள்வதோ மிக மெல்லிய செய்தி. அலைவாங்கிக்கும் தலைக்கும் இடையே காற்று இடைவெளி இருந்தால், அம்மெல்லிய செய்தி வீண் எதிரொளிப்பில் மூழ்கிப்போகும்.

பழைய அலைவாங்கிகள் விறைத்த தகட்டில் அமைந்தவை. தலையோ உருண்டை. நெற்றி ஒருவகை வளைவும் பிடரி மற்றொரு வகை வளைவும் உடையன. குழந்தையின் தலையும் முதியவரின் தலையும் ஒன்றல்ல. தட்டையான தகட்டை உருண்டைமேல் வைத்தால் நடுப்பகுதி தொடும்; விளிம்புகள் தூக்கி நிற்கும். அவ்விடைவெளியை நிரப்பக் களிம்போ நீர்மம் நிறைந்த பையோ வேண்டியிருந்தது. கருவியும் கனத்தது.

தலையின் வளைவுக்கேற்பத் தானும் வளையும் அலைவாங்கி இச்சிக்கலைப் பெரிதும் குறைக்கிறது. அதனைத் துணித்தொப்பியின் உட்புறம் தைத்துவிடலாம். எடை சில கிராம்களே. நோயாளியை அசைக்காமல் தொப்பியை அணிவித்தாலே போதும்.

இன்னுமொரு தேவையும் உண்டு. எளிய அலைவாங்கியின் நீளம் அலைநீளத்தில் பாதியாக அமையும். 1 கிகாஹெர்ட்ஸுக்குக் காற்றில் அது 15 செ.மீ. அவ்வளவு பெரிய அலைவாங்கிகள் பன்னிரண்டைத் தலையைச் சுற்றி எங்ஙனம் வைப்பது? இதற்காகவே வடிவமைப்பாளர்கள் கடத்துபாதையைப் பாம்பின் நெளிவுபோல் மடித்து மடித்து வரைகின்றனர். தளத்தில் பிளவுகள் இடுகின்றனர். குறுகிய இடத்தில் நெடிய பாதை அடங்கிவிடுகிறது. உடலை ஒட்டி இருக்கும்போது அலைநீளம் சுருங்குவதும் இதற்குத் துணைபுரிகிறது.

மையே கம்பியாகும் விந்தை

இத்தகைய நெளிவரைவுகளைச் செம்புத் தகட்டில் அரித்தெடுப்பது வழக்கமான முறை. வேண்டாத செம்பை அமிலம் போன்ற கரைசல்களில் கரைத்து நீக்குவதால் பொருளும் வீணாகும், கழிவும் சேரும். அச்சிடும் முறையில் வேண்டிய இடத்தில் மட்டும் மை இடப்படுகிறது. முன்னது கல்லைச் செதுக்கிச் சிலை காண்பது போன்றது. பின்னது மாவால் கோலம் இடுவது போன்றது.

அலுவலகங்களில் உள்ள இங்க்ஜெட் அச்சுப்பொறியின் கோட்பாடே இதற்கும் அடிப்படை. வண்ண மைக்கு மாற்றாக, வெள்ளியின் நானோ துகள்கள் கலந்த மை பயன்படுகிறது. பாலிஇமைடு, பாலியெஸ்டர் போன்ற மெல்லிய படலங்களின்மீது இம்மை துளித்துளியாகத் தெளிக்கப்படுகிறது. தாளின்மீதும் துணியின்மீதும்கூட அச்சிடும் ஆய்வுகள் உண்டு.

அச்சிட்டவுடன் அது மின்சாரத்தைக் கடத்தாது. துகள்கள் ஒன்றையொன்று ஒட்டாமலிருக்கப் பூசப்பட்ட பொருள் இடையே நிற்பதே காரணம். மிதமாகச் சூடேற்றினால் அப்பூச்சு நீங்கி, துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து தொடர்ந்த வெள்ளிப் பாதையாகின்றன. இங்கேதான் நானோ அளவின் சிறப்பு வெளிப்படுகிறது. கட்டி வெள்ளி உருக ஏறத்தாழ 962 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நானோ துகள்களோ அதற்கு வெகு கீழேயே, 150 பாகை அளவிலேயே ஒன்றோடொன்று பிணையத் தொடங்குகின்றன. துகள் சிறுத்திருப்பதால், அதன் அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்பில் தளர்ந்து நிற்பதே இதற்குக் காரணம். இப்பண்பு இல்லையேல், வெள்ளி இணைவதற்குள் நெகிழிப்படலம் உருகிப்போகும்.

அச்சின் தடிமனும் கருதத்தக்கது. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பை ஒட்டியே பாயும். 1 கிகாஹெர்ட்ஸில் வெள்ளிக்கு அந்த ஆழம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் இரண்டு பங்கு. மை அதைவிட மெலிந்தால் ஆற்றல் வெப்பமாக வீணாகும். எனவே, ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை அச்சிடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

நெகிழியும் மின்சாரத்தைக் கடத்தும் என 1977ஆம் ஆண்டு காட்டிய ஆலன் ஹீகர், ஆலன் மக்டியார்மிட், ஹிடெக்கி ஷிராகவா ஆகியோர் 2000ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஓரணுத் தடிமனுள்ள கரிமத் தாளான கிராஃபீனை 2004ஆம் ஆண்டு பிரித்தெடுத்துக் காட்டிய ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் ஆகியோர் 2010ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். வெள்ளிக்கு மாற்றாக இப்பொருள்களைக் கொண்டும் வளையும் அலைவாங்கிகள் உருவாக்கப்படுகின்றன.

எதிரொலியிலிருந்து முடிவுக்கு

தலையைச் சுற்றிப் பன்னிரண்டு அலைவாங்கிகள் உள்ளன எனக் கொள்வோம். முதலாவது அலையை அனுப்பும், மற்றவை கேட்கும். பிறகு இரண்டாவது அனுப்பும்; மற்றவை கேட்கும். இவ்வாறு முறைவைத்துப் பேசி முடித்தால், மூளையின் ஊடாக 66 வேறுவேறு பாதைகளில் செய்தி கிடைக்கும். இவையனைத்தும் சில நொடிகளில் நிறைவுறும்.

கிடைத்த செய்தியிலிருந்து உள்ளிருப்பதைக் கண்டறிவது எளிதன்று. குளத்தில் விழுந்த கல்லைக் காணாமல், கரையை வந்தடைந்த அலைகளை மட்டும் கண்டு, கல் விழுந்த இடத்தையும் அதன் அளவையும் கூறுவது போன்றது அது. கல் தெரிந்தால் அலையைக் கணக்கிடுவது எளிது. அலையிலிருந்து கல்லைக் கணக்கிடுவது கடினம். ஒரே எதிரொலியை வெவ்வேறு அமைப்புகளும் தரக்கூடும்.

இச்சிக்கலைத் தீர்க்க ஆய்வாளர்கள் இருவழிகளை நாடுகின்றனர். கணிதத்தின் துணையால் மூளையின் படத்தையே மீட்டுருவாக்குவது ஒருவழி. படம் வரையாமல், கசிவு உண்டா இல்லையா என்னும் வினாவுக்கு மட்டும் விடை தேடுவது மற்றொரு வழி. இரண்டாம் வழியில், வகை முன்பே தெரிந்த நோயாளிகளின் அலைப்பதிவுகளைக் கொண்டு கணினி பயிற்றப்படுகிறது. மூளையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் பெரிதும் ஒத்தமைந்தவை என்னும் இயற்கையும் இங்கே உதவுகிறது. இருபக்கச் செய்திகளையும் ஒப்பிட்டு, ஒருபக்கத்தில் மட்டும் தோன்றும் மாறுபாட்டைக் கணினி கண்டறிகிறது.

ஆய்வகத்திலிருந்து நோயாளியிடம்

புதிய அலைவாங்கி முதலில் மனிதத் தலைக்கு வருவதில்லை. நீர், ஜெலட்டின், உப்பு, சர்க்கரை முதலியவற்றைத் தக்க அளவில் கலந்து, ஒவ்வொரு திசுவுக்கும் உரிய விடுதிறன் கொண்ட போலித்தலை ஒன்றைச் செய்கின்றனர். அதற்குள் இரத்தத்தை ஒத்த கலவையை ஓரிடத்தில் வைத்து, கருவி அதனைக் கண்டுகொள்கிறதா எனச் சோதிக்கின்றனர். அதன் பின்னரே நோயாளிகளிடம் ஆய்வு தொடங்கும்.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், மிதிவண்டி ஓட்டுவோர் அணியும் தலைக்கவசத்திற்குள் அலைவாங்கிகளைப் பொருத்தித் தம் தொடக்கக் கருவியை அமைத்தனர். பக்கவாத நோயாளிகளிடம் அக்கருவியைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2014ஆம் ஆண்டு வெளியாயின. கசிவையும் அடைப்பையும் நுண்ணலையால் பிரித்தறிய இயலும் என்னும் நம்பிக்கைக்கு அவை வலுவூட்டின. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்திலும் இத்துறை ஆய்வுகள் வளர்ந்துள்ளன.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளையும் அலைவாங்கிகளைத் தலையில் அணியும் கருவியாக்கி, ஆல்சைமர் நோயின்பால் கவனம் செலுத்தினர. 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் எடுத்துரைத்த மறதிநோய் இது. இந்நோயில் மூளை மெல்லச் சுருங்குகிறது. நடுவிலுள்ள நீர்ம அறைகள் விரிகின்றன. 38 மதிப்புடைய வெண்பொருள் பின்வாங்கிய இடத்தை 68 மதிப்புடைய நீர்மம் நிரப்புகிறது. அம்மாற்றத்தை அலைவாங்கிகளால் உணர முடியும் என்பதை மூளை மாதிரிகளைக் கொண்டு அவர்கள் ஆராய்ந்தனர். ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் நோயைத் தொடர்ந்து கண்காணிக்க, வீட்டிலேயே அணியத்தக்க மெல்லிய தொப்பி பெருந்துணையாகும்.

எந்தப் பிழையைப் பொறுக்கலாம்?

இத்துறை கடக்க வேண்டிய தடைகள் சில உள்ளன. அலைவாங்கி வளையும்போது அதன் ஒத்ததிர்வு இடம் பெயர்கிறது. பலமுறை வளைத்தால் வெள்ளிப்பாதையில் நுண்ணிய விரிசல்கள் தோன்றி மின்தடை கூடுகிறது. அடர்ந்த தலைமுடியினூடே காற்று தங்கிவிடுகிறது. தலைக்குத் தலை மண்டையோட்டின் தடிமனும் வேறுபடுகிறது. கருவி பயிலாத வகைத் தலையில் அதன் தீர்ப்பு பிறழக்கூடும்.

இவற்றைவிட ஆழமான வினா ஒன்றுண்டு. எந்தக் கருவியும் இருவகையாகப் பிழைக்கலாம். கசிவு இல்லாதவருக்குக் கசிவு உண்டு எனக் கூறுவது ஒருபிழை. அதனால் அவருக்கு மருந்து கிடைப்பது தாமதமாகும்; மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன் அப்பிழையைத் திருத்திவிடும். கசிவு உள்ளவருக்குக் கசிவு இல்லை எனக் கூறுவது மற்றொரு பிழை. அதனை நம்பி வழியிலேயே மருந்தைச் செலுத்தினால், திருத்துவதற்கு வாய்ப்பில்லை. இரண்டும் பிழையே எனினும், இரண்டின் எடையும் ஒன்றன்று. ஆகவே, ஒரு கருவி நூற்றுக்கு எத்தனை முறை சரியாகக் கூறுகிறது என்று மட்டும் கேட்பது போதாது. தவறும்போது எப்பக்கம் தவறுகிறது என்றும் கேட்க வேண்டும். முழு உறுதி இருந்தாலன்றிக் கசிவு இல்லை எனக் கூறாதவாறு கருவியைப் பழக்குவதே அறம். அத்தகைய கருவி சிலருக்கு மட்டுமே வழியில் மருந்து கிடைக்கச் செய்யும். எனினும், எவரையும் கெடுக்காது.

இன்றைய நிலையில் நுண்ணலைத் தொப்பி சி.டி. ஸ்கேனுக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்கும் மாற்றன்று, அவற்றுக்கு முன்னே ஓடிச்செல்லும் தூதுவன். எந்த நோயாளியை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது, எவரை முதலில் கவனிப்பது என்பதை முன்கூட்டி உரைப்பதே அதன் முதற்பணியாக அமையும்.

அத்தொப்பி நம் ஊர்களுக்கு வருங்காலம் வரட்டும். அதுவரை முதற்கருவி நம் கண்களே. முகம் கோணுவதையும் கை தாழ்வதையும் பேச்சு குழறுவதையும் கண்டால், படுத்து எழுந்தால் சரியாகும் என்று காத்திராமல், அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழைக்க வேண்டும். அக்குறிப்பு மருத்துவர் கையில் உயிர்காக்கும் செய்தியாகும்.

கலைச்சொல் அறிவோம்

அலைவாங்கி – மின்காந்த அலைகளை அனுப்பவும் பெறவும் உதவும் உறுப்பு
ஒப்புமை விடுதிறன் – மின்புலத்திற்குப் பொருள் ஆற்றும் வினையை வெற்றிடத்தோடு ஒப்பிட்டுக் கூறும் எண்
நானோ துகள் – மீட்டரின் நூறுகோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படும் மிகச்சிறு துகள்
போலித்தலை – திசுக்களின் மின்பண்புகளை ஒத்த கலவைகளால் ஆன ஆய்வு மாதிரி

கற்பவை கற்றபின்

1. கருவி செய்யக்கூடிய இருவகைப் பிழைகளுள் எது கொடிது? ஏன்? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.
2. எட்டு அலைவாங்கிகள் கொண்ட தொப்பியில் எத்தனை பாதைகளில் செய்தி கிடைக்கும் எனக் கணக்கிடுக.
3. பக்கவாதத்தின் அறிகுறிகளையும் உடனே செய்ய வேண்டியவற்றையும் எளிய தமிழில் சுவரொட்டியாக எழுதி, பள்ளியிலும் ஊர்ப் பொது இடத்திலும் வைக்க.